கண்ணைச் சுற்றி மட்டும்

ரொம்ப வருஷம், என் அண்ணியின் நிஜ முகத்தைப் பார்க்கிறவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்தான் என்று இருந்தது. ஒருவன் அவளைக் கட்டிக்கொண்ட என் அண்ணன். இன்னொருத்தி நான். ஒரு தோல் டாக்டரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிய ஆளைக் கணக்கில் எடுக்க எனக்கு மனசில்லை.

அண்ணிக்குக் கண்ணைச் சுற்றி வெண்திட்டு. கல்யாணமான புதிதில் வலது கண் ஓரத்தில் கடுகளவு வந்தது. வந்தது சும்மா இருந்ததா? மெதுவாக இரண்டு கண்ணையும் வளைத்துக்கொண்டது, வலது புருவத்தில் பாதியை வெளுக்க வைத்தது, வாய் ஓரத்தில் ஒரு துண்டு இடம் பிடித்த பிறகுதான் நின்றது. வலி கிடையாது, அரிப்பு கிடையாது, யாருக்கும் ஒட்டாது. ஆனால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் சுவரைப் பார்ப்பார்கள். அப்புறம், "என்னம்மா இது, எங்கயும் காட்டலியா?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். அந்த அக்கறைக்குப் பதிலாக நாலு திட்டு திட்டிவிட்டுப் போகலாம் என்று எனக்குத் தோன்றும்.

அண்ணி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. மூடிவிட்டாள். அவள் தொழிலே அதுதானே. நானும் அவளும் சேர்ந்து ஒரு பியூட்டி பார்லர் நடத்தினோம். இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, பின்னால் ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு பின்கதவு. காலையில் வீட்டிலேயே முகத்தை முடித்துக்கொண்டு அந்தப் பின்கதவு வழியாகத்தான் வருவாள். மதியம் சாப்பிட்டதும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு மறுபடி சரிசெய்வாள். எத்தனையோ கல்யாணப் பெண்களை அந்த நாற்காலியில் உட்கார வைத்து ஜொலிக்க வைத்தவள், தான் ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. "வாங்க அண்ணி, புருவமாவது நூல் போட்டு விடறேன்" என்று நான் கூப்பிட்டால், "என் மூஞ்சிய நானே பாத்துக்கறேன், நீ உன் வேலையப் பாரு" என்பாள். முகத்தில் ஒருத்தர் கைபட விடமாட்டாள்.

எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். வரத்தான் செய்யும். ஆனால் அண்ணி விஷயத்தில் நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். காதும் காதும் வைத்த மாதிரி இத்தனை வருஷம் நான் காப்பாற்றிய ரகசியம் அது ஒன்றுதான்.

இதெல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டீச்சர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். எங்கள் பக்கத்துப் பாலிடெக்னிக் கல்லூரியில் பாடம் எடுப்பவர். அன்றைக்கு அண்ணி ஒரு கல்யாணப் பெண்ணுக்கு இமை முடி ஒட்டிக்கொண்டிருந்தாள். பட்டையாக ஒட்டுகிறதில்லை, ஒவ்வொரு முடியாக இடுக்கியால் எடுத்து, பசையில் தொட்டு, இமை ஓரத்தில் நிறுத்துகிற வேலை. தன் முறை வந்ததுகூடத் தெரியாமல் டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கை நடுங்கவே நடுங்காதா?"

"நடுங்கினா கண்ணுல குத்திடுமே டீச்சர்."

"எனக்கு இந்தக் கை வேணும்" என்றார் டீச்சர்.

ஊருக்கு வெளியே ஜன்னலே இல்லாமல் ஒரு வெள்ளைக் கட்டடம் எழும்பியிருந்ததே, அது என்ன என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மின்சாரத்தை வெளிச்சமாக்கிக் கண்ணாடி இழைக்குள் அனுப்புகிற குட்டிப் பாகங்களைச் செய்யும் தொழிற்சாலையாம். "போன்ல வீடியோ பாக்கறீங்களே, அது பாதி தூரம் வெளிச்சமாத்தான் ஓடி வருது" என்றார் டீச்சர். மெஷின் எல்லாம் வந்துவிட்டது, செய்யத் தெரிந்த ஆள்தான் இல்லை. அதனால் சுற்றுவட்டாரக் கல்லூரிகளோடு ஒரு ஏற்பாடு. வாரநாள் சாயங்காலம் கல்லூரியில் வகுப்பு, சனிக்கிழமை தொழிற்சாலையிலேயே பயிற்சி. மைக்ராஸ்கோப்பும் சொல்லிக்கொடுக்க ஒரு என்ஜினியரும் தொழிற்சாலை கொடுக்கும். இடமும் பாடமும் கல்லூரி கொடுக்கும். தேறினால் வேலை. வயது வரம்பு கிடையாது.

எனக்கு வயிறு எரிந்தது. என் கடைக்கு வந்து, என் கண்முன்னாலேயே என் ஆளைக் கொத்திக்கொண்டு போகிறார் இந்த அம்மாள். டீச்சர் போனதும் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன்.

"நாப்பது தாண்டின வயசுல காலேஜா அண்ணி?"

"ஏன், நீ பை தூக்கிட்டு வந்து வாசல்ல விட்டுட்டுப் போறியா?"

"விளையாடாதீங்க. இங்க என்ன குறைச்சல்?"

அண்ணி இடுக்கியைத் துடைத்து வைத்தாள். "குறைச்சல் இல்ல. நாள் பூரா மூஞ்சியையே பாத்துட்டிருக்கேன். காலைல என் மூஞ்சி, அப்புறம் ஊரார் மூஞ்சி. மூஞ்சியே இல்லாத ஒரு வேலை செஞ்சு பாக்கணும்னு இருக்கு."

அண்ணனிடம் போய்ச் சொன்னேன், அவனாவது தடுப்பான் என்று. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். "போகட்டுமே. பசங்கள இறக்கிட்டு நானே கொண்டு விட்டுடறேன்" என்று முடித்துவிட்டான். பெண்டாட்டி சொன்னால் சரி என்கிற ஜாதி அவன்.

அண்ணி காலேஜுக்குப் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பெருமையும் வரும். முதல் மாதம் அவளுக்கு முழி பிதுங்கிவிட்டது. இழைக்குள் போகிற வெளிச்சம் வழியில் எவ்வளவு குறைகிறது என்பதை டெசிபல் என்று ஒரு கணக்கில் சொல்கிறார்களாம். மைனஸ் பெரிதாக ஆக ஆக வெளிச்சம் சின்னதாகிறதாம். "கூடினா குறையுதுங்கறாங்க, குறைஞ்சா கூடுதுங்கறாங்க, எனக்குத் தலையே சுத்துது" என்று கடைக்கு வந்து புலம்புவாள். வாடிக்கையாளர் தலையில் சாயம் தடவிக்கொண்டே வாய்க்குள் கணக்குப் போடுவாள். ஒருநாள் ஒரு அம்மாளுக்குச் சாயம் ஊற வேண்டிய நேரம் தாண்டி ஊறிவிட்டது. நான்தான் காலில் விழாத குறையாகச் சமாதானம் செய்தேன்.

வகுப்பில் அவள் பக்கத்து இடம் ஒரு கூரியர்காரருடையது. மார்பு வரை தாடி. எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பெட்டி தூக்கிப் பழகிய கை, இடுக்கியைப் பிடித்தால் லென்ஸ் எங்கேயாவது பறந்துவிடும். அவர் அண்ணிக்கு டெசிபல் சொல்லிக் கொடுத்தார். முழங்கையை மேஜையில் ஊன்று, மூச்சை வெளியே விடும்போது மட்டும் கையை நகர்த்து என்று அண்ணி அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். அந்த லென்ஸ் உப்புக்கல்லைவிடச் சின்னது. அதை வெளிச்சம் தருகிற லேசர் சிப்புக்கு எதிரே பசை வைத்து நிறுத்தி, வெளிச்சம் அதிகமாக வரும் இடம் பார்த்து, ஊதா விளக்கால் பசையை இறுக வைக்க வேண்டும். அதைப் படித்த அன்றைக்கு அண்ணி கடைக்கு வந்து எங்கள் நகப்பூச்சு உலர்த்துகிற விளக்கைப் போட்டுப் பார்த்தாள். "இதேதான். இதையேதான் அங்க பெரிய பேர் வச்சு சொல்றாங்க" என்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு அவளுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது.

அப்புறம் எங்களுக்குத்தான் பயம் வந்தது. வீட்டில் ஒரு கண்ணாடியை ஒருத்தர் நிம்மதியாகத் துடைக்க முடியாது. முதலில் ஊத வேண்டும், வாயால் இல்லை, ரப்பர் பந்தால். பிறகு ஒரு சொட்டுத் திரவம். பிறகு துணியால் ஒரே இழுப்பு, ஒரே பக்கமாக. துணியின் அந்தப் பகுதியை மறுபடி தொடக்கூடாது. அண்ணன் தன் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்ததைப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க அவனோடு பேசவில்லை. கடையில் நான் துண்டை உதறினால் முறைப்பாள். "ஏன் உதறுற? எத்தனை பறக்குது தெரியுமா?" என்பாள். எனக்கு எதுவும் பறந்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் வெயில் விழுகிற பக்கமாக நின்று பார்த்தால் பறக்கத்தான் செய்தது.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போனபோது சனிக்கிழமைப் பயிற்சி தொடங்கப்போகிறது என்றார் டீச்சர். அன்றைக்கு அண்ணி கடைக்குள் வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

தொழிற்சாலையில் அந்த வேலை நடக்கும் அறை சுத்த அறை. உள்ளே போகும் காற்றைக்கூட வடிகட்டித்தான் விடுவார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை. அதற்கு முன்னால் அங்கி மாட்டும் அறையிலுள்ள தொட்டியில் முகம் கழுவ வேண்டும். பவுடர் கூடாது, கிரீம் கூடாது, மை கூடாது, சென்ட் கூடாது. பவுடரில் ஒரு துகள் லென்ஸில் விழுந்தால் வெளிச்சம் போகிற வழியில் பாறை விழுந்த மாதிரியாம்.

"முகமூடி போட்டா என்னதான் தெரியும்?" என்று கேட்டேன்.

"கண்ணு மட்டும்தான் தெரியும்."

"அப்ப நல்லதாப் போச்சு."

"என்ன நல்லதாப் போச்சு? எனக்கு இருக்கறதே கண்ணைச் சுத்தித்தான்."

அவளுக்கு அந்த வேலை வேண்டும். அந்த வேலைக்கு அவள் முகம் வெளியே தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தாள். கல்யாணப் பெண்களுக்குப் போடுவதற்கென்று எங்களிடம் ஒரு பூச்சு உண்டு. குளித்தாலும் போகாது, விடிய விடிய அழுதாலும் போகாது. மற்றதையெல்லாம் கழுவிவிட்டு அதை மட்டும் மெல்லிசாக, கண்ணைச் சுற்றி மட்டும் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தாள். வாய் ஓரத்தை ஈரம் துடைக்கிற துண்டும் அப்புறம் முகமூடியும் பார்த்துக்கொள்ளும். "இது உதிராது. உதிராததுனால தப்பில்ல" என்று எனக்குச் சொன்னாள். தனக்குத்தான் சொல்லிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

தொழிற்சாலை என்ஜினியருக்கு வகுப்பு வைத்த பெயர் தூசி சார். வாயைத் திறந்தால் தூசி என்பார். நல்ல மனுஷர், சின்ன வயசு, யாரையும் அதட்டமாட்டார். முதல் சனிக்கிழமையே அவர் முகம் வாடிவிட்டது. மற்ற மேஜைகளில் செய்த பாகங்கள் எல்லாம் தேறின. அண்ணியும் தாடியும் மாற்றி மாற்றி வேலை செய்த மேஜையில் மட்டும் பாதிக்குப் பாதி குப்பை. வெளிச்சம் எடுத்துப் பார்த்தால் குறைகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் தூசி. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. தூசி சார் கையுறையை மாற்றச் சொன்னார், அங்கியை மாற்றச் சொன்னார், மேஜையையே மாற்றினார். கடைசியில் எல்லார் கண்ணும் எங்கே போய் நிற்கும்? அந்தத் தாடியில்தான் போய் நின்றது.

தாடிக்கு உறை போட்டார்கள். உறைக்கு மேல் இன்னொரு உறை போட்டார்கள். "மூஞ்சியே பார்சல் ஆயிடுச்சு, அட்ரஸ் ஒட்டறதுதான் பாக்கி" என்று அவரே சிரித்தாராம். ஆனாலும் தூசி குறையவில்லை. கடைசியில் அந்த மனுஷன் தானாகவே, "என்னால எல்லாரும் கெட வேணாம் சார், எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டார்.

அதை எடுக்க எங்கள் கடைக்குத்தான் வந்தார். பெண்கள் கடைக்குள் ஆண்களை விடுவதில்லை. அன்றைக்கு மட்டும் வாடிக்கையாளர் எல்லாம் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார வைத்தோம். "அக்கா, வேற யார் கையிலயும் குடுக்க மனசு வரல. நீங்களே எடுங்க." அவருடைய பெண் பிறந்த நாளிலிருந்து வளர்த்தாராம். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குமாம். அண்ணி கத்தரியை எடுத்தாள், அப்புறம் சவரக்கத்தியை எடுத்தாள். முடிந்ததும் அவர் கண்ணாடியைப் பார்த்து, "யாருக்கா இந்த ஆளு?" என்றார். நாங்கள் சிரித்தோம். வீட்டுக்குப் போனதும் குழந்தை அடையாளம் தெரியாமல் வீறிட்டு அழுதது என்று மறுநாள் கேள்விப்பட்டோம்.

அந்தச் சனிக்கிழமையும் தூசி வந்தது.

தூசி சார் தேறாத ஒரு பாகத்தை எடுத்துப் பெரிய திரையில் காட்டினார். தட்டையாக, பளபளவென்று ஒரு செதில். "இது முடி இல்ல, தோலும் இல்ல. மேக்கப்ல வர்ற மினுக்கு மாதிரி இருக்கு. யாராவது ஏதாவது போட்டுட்டு வர்றீங்களா? கோவிச்சுக்க மாட்டேன், சொல்லுங்க" என்றார். எல்லோரும் இல்லை என்றார்கள். அண்ணியும் இல்லை என்று தலையாட்டினாள். தூசி சார் தாடியிடம், எல்லார் முன்னாலும், மன்னிப்புக் கேட்டார். பிறகு இன்னொன்றும் சொன்னார். அடுத்த சனிக்கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். இந்தக் கல்லூரியின் முதல் அணி இதுதான். அன்றைக்கும் அந்த மேஜையில் பாகங்களை அடுக்குகிற தட்டு சுத்தமாக வரவில்லை என்றால் இந்தக் கல்லூரியோடு ஏற்பாட்டை முடித்துக்கொண்டு வேறு ஊர்க் கல்லூரிக்குப் போய்விடுவார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணி பின்கதவு வழியாக வந்து, பின்னறையில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அது என்னோடது" என்றாள்.

"எது?"

"அந்தச் செதில். திரைல பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. அந்த நிறத்த எனக்குத் தெரியாதா? அது தானா உதிரல. மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சு வச்சுப் பாக்கறோம் இல்ல, அந்த ரப்பர்ல உரசி உரசி உதிருது. கீழதான் தட்டு இருக்கு."

"விட்டுடுங்க அண்ணி. அடுத்த வாரம் ஜுரம்னு சொல்லிட்டுப் போகாதீங்க. தட்டு சுத்தமாயிடும். மத்தவங்க பொழைச்சுப்பாங்க. யாருக்கும் எதுவும் தெரியவும் தெரியாது."

"அன்னிக்குப் போகலேன்னா என் பேர அடிச்சிடுவாங்க."

"போனாப் போகட்டும். கடை இருக்கு, நான் இருக்கேன்."

"அந்த ஆளு தாடிய நான்தானே எடுத்தேன்" என்றாள். "என் கையால நான்தானே எடுத்தேன். அந்தக் கொழந்தை அழுதிருக்கு."

அப்புறம் அவள் அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, அந்தப் பூச்சு மட்டும் கொஞ்சமும் கலையாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கும் தாங்கவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, தூசி சார் மேல் வந்தது, பார்த்தும் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்த ஊரார் மேல் எல்லாம் வந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் என்ன செய்யப்போகிறாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை குடும்பத்தாரும் வரலாம், கண்ணாடிச் சுவருக்கு வெளியிலிருந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் வேனில் கூட்டிக்கொண்டு போனான். அண்ணி முழு அலங்காரத்தோடு, ஒரு குறையும் இல்லாமல் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சரி, வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் திரும்பவில்லை, இறங்கி உள்ளே போய்விட்டாள். அந்தப் பூச்சோடு உள்ளே போய் எல்லார் பிழைப்பிலும் மண்ணைப் போட்டுவிடுவாளோ என்று அவளைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அங்கி மாட்டும் அறையில் நடந்ததை டீச்சர் அப்புறம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்லோரும் முகம் கழுவ வரிசையில் நின்றபோது அண்ணி கைப்பையிலிருந்து எங்கள் கடை எண்ணெய்ப் புட்டியையும் பஞ்சையும் எடுத்தாளாம். அந்தப் பூச்சு எண்ணெய்க்கு மட்டும்தான் அசையும். தொட்டிக்கு முன்னால் நின்று, கண்ணை மூடி, நிதானமாகத் துடைத்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு எல்லார் பக்கமும் திரும்பினாள்.

"தூசி என்னோடதுதான். போன வாரமே எனக்குத் தெரியும். சார் கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். இதை யாரும் பாக்கக் கூடாதுன்னு பண்ணிட்டேன். தாடி மேல ஒரு தப்பும் இல்ல."

தாடி தன் மொட்டை முகவாயைத் தடவிக்கொண்டார். "அக்கா, உங்க மூஞ்சி உங்களுக்கு ஒரு நிமிஷத்துல திரும்பி வந்துடுச்சு. என் மூஞ்சி வர மாசக்கணக்காகுமே" என்றார். அதற்குத்தான் முதலில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் அழுதுகொண்டே சிரித்தாளாம்.

தூசி சார் சிரிக்கவில்லை. கிட்டே வந்து அண்ணி முகத்தை உற்றுப் பார்த்தார். வெளியே போ என்று சொல்லப்போகிறார் என்று டீச்சர் நினைத்தாராம். அவர் சொன்னது இதுதான்: "இடது கண்ணு ஓரத்துல இன்னும் கொஞ்சம் இருக்கு. அதையும் எடுத்துடுங்க."

அவ்வளவுதான். இதை டீச்சர் சொன்னபோது எனக்கு அந்தப் பையன் மேல் அப்படி ஒரு மரியாதை வந்தது. இத்தனை வருஷத்தில் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்டைப் பார்க்காமல் தூசியைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

இதெதுவும் தெரியாமல் நாங்கள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றிருந்தோம். உள்ளே மஞ்சள் விளக்கு. ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் ஒரே வெள்ளை, ஒரே நடை, ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. நான் அண்ணியைத் தேடினேன். அவள் இல்லை. போய்விட்டாள், பின்வழியாகப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

"அதோ வரா பாரு" என்றான் அண்ணன்.

"எங்க?"

"கண்ணப் பாரு."

முகமூடிக்கும் தலைமூடிக்கும் நடுவில் தெரிந்த அந்தக் கீற்றில், இரண்டு கண்ணையும் சுற்றி வெள்ளை வெளேரென்று திட்டு. பாதி வெளுத்த புருவம். ஊரே பார்க்க, வெட்டவெளிச்சமாக. நான் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, ஒரே பக்கமாக ஒரே இழுப்பு இழுத்துத் துடைத்தான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அண்ணி எங்களைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், முழங்கையை ஊன்றினாள், மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தாள். மேலிடத்திலிருந்து வந்த அம்மாள் அவள் பின்னாலேயே வந்து நின்றார். அண்ணி ஒரு லென்ஸை எடுத்தாள். எனக்கு அது தெரியவே இல்லை. இடுக்கி நுனியில் ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. மேஜை மேல் திரையில் ஒரு எண் ஏறியது, இறங்கியது, ஏறியது. அவள் தோள் லேசாக இறங்கியது. மூச்சை விடுகிறாள் என்று தெரிந்துகொண்டேன். எண் ஒரு இடத்தில் நின்றது. ஊதா வெளிச்சம் எரிந்து அணைந்தது. அடுத்ததை எடுத்தாள். பக்கத்தில் தாடி, தாடி இல்லாமல், திரையைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அந்த மேஜையின் தட்டு தேறிவிட்டது. ஏற்பாடு நிலைத்தது. அணியில் எல்லோருக்கும் வேலை கிடைத்தது, அண்ணிக்கும். தாடி மறுபடி வளர்க்க ஆரம்பித்திருக்கிறார். உறை போட்டுக்கொள்ளலாம் என்று தூசி சாரே அனுமதி கொடுத்துவிட்டார். அடுத்த அணிக்கு முகம் கழுவுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்க டீச்சர் அண்ணியைத்தான் கூப்பிட்டார். சிரிக்காதீர்கள், அதற்கு ஒரு முழு வகுப்பு உண்டு.

அவள் வேலையில் சேர்வதற்கு முந்தின நாள் கடையில் நல்ல கூட்டம். ஒரு அம்மாளுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன், இரண்டு பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். முன்கதவு மணி அடித்தது. திரும்பிப் பார்த்தால் அண்ணி. கழுவிய முகம். பஸ்ஸில், தெருவில், கடைவீதியில் அப்படியேதான் வந்திருக்கிறாள். பெஞ்சில் இருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் சுவரைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வை படுகிற சுவரில் முழுக்கக் கண்ணாடி, அங்கேயும் அவள்தான் இருந்தாள்.

அண்ணி நேரே போய்க் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வாடிக்கையாளர் நாற்காலியில்.

"புருவத்துக்கு நூல் போட்டு விடு" என்றாள். "அங்க உள்ளே போனா கண்ணு மட்டும்தான் தெரியுது. அதாவது ஒழுங்கா இருக்கட்டும்."

வெட்டிக்கொண்டிருந்த தலையை அப்படியே விட்டுவிட்டு நூல்கண்டை எடுத்தேன். பெஞ்சில் ஒரு அம்மாள், "எங்களுக்கு நேரமாகுதே" என்று இழுத்தார். "உக்காருங்க. இவங்க நாளைக்கு வேலைக்குப் போறவங்க" என்று ஒரு வெட்டு வெட்டினேன். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தேன். எந்த வாடிக்கையாளரிடமும் சொல்கிற மாதிரி, "தோல இழுத்துப் புடிங்க" என்றேன். அவள் ஒரு விரலைப் புருவத்துக்கு மேலேயும் ஒரு விரலை இமைமேல் அந்த வெள்ளையிலும் வைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

அவள் தாடிக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி, மூச்சை வெளியே விடும்போது மட்டும் நூலை நகர்த்தினேன்.

"வெள்ளை முடிய எடுத்துடவா அண்ணி?"

"வேணாம். அது அங்கயே இருக்கட்டும். சுத்தி இருக்கறத மட்டும் சரி பண்ணு."

வலது புருவத்தை முடித்து நிமிர்ந்தேன். நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கண்ணாடியில் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, பாரு" என்றாள்.